மண் கிண்டும் நாயும் அம்மாவின் நித்திரையும்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் பிரவுனி. மகள் பாடசாலையிலிருந்து வரும் வழியில், மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு வந்தாள். ஏழெட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. அதன்பிறகு பிரவுனி மண் கிண்டத் தொடங்கியது.

வத்தேகமவில் எங்கள் காணி சரிவில் இருக்கிறது. கல் அடுக்கி மூன்று தட்டாகக் கட்டிய நிலம். மேல்தட்டில் போஞ்சியும் கத்தரியும், நடுவில் வல்லாரையும் பொன்னாங்காணியும், கீழே மரவள்ளியும் மிளகுக்கொடியும் நிற்கின்றன. 2022இல் விலைவாசி தலைக்கு மேலே போனபோது அந்த மூன்று தட்டுகள்தான் எங்கள் சட்டியை நிரப்பின. அன்றிலிருந்து அம்மா அந்தத் தோட்டத்தை விட்டதில்லை. நாய் ஒரு இரவில் கிண்டிப்போட்டால் மூன்று கிழமை வேலை போய்விடும். சரிவில் கிண்டினால் அதோடும் நிற்காது. அடுத்த மழைக்குக் கல்கட்டு தளர்ந்து மண் கீழே இறங்கும். கீழே இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் மிளகுத் தோட்டம்.

அவர் ஒரு சிங்களப் பெரியவர். நல்ல மனிதர். இருந்தாலும் புதிதாக நட்ட மிளகுக் கன்றுகள் இரண்டாவது தடவையும் புரட்டப்பட்டுக் கிடந்தபோது, "சங்கிலியில் கட்டுங்கள், இல்லையென்றால் நான் முறைப்பாடு செய்யவேண்டிவரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். யுத்தம் முடிந்து வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களுக்கு "முறைப்பாடு" என்ற சொல் எப்படிக் கேட்கும் என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இவை இரண்டும் வெளியே தெரிந்த பிரச்சினைகள். மூன்றாவது அம்மாவுடையது.

அம்மா பிறந்தது இந்த மலையில்தான். 1977 வன்செயலுக்குப் பிறகு தாத்தா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார். பெரிய மாமா மட்டும் இங்கேயே நின்றுவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது வன்னியில். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக்பாம் முகாமில் இருந்து, பிறகு நானும் அம்மாவும் மட்டும் மாமாவிடம் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு நாய்கள் மீது வெறுப்பு இல்லை. பிரவுனிக்குச் சோறு வைப்பதே அவர்தான். ஆனால் அது மண்ணைக் கிண்டுவதை மட்டும் அவரால் பார்க்க முடியாது. இரவில் அந்த விறாண்டும் சத்தம் கேட்டால் எழும்பி உட்கார்ந்துவிடுவார். பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன்.

ஆகவே நாயை விடுவதா, நாயின் பழக்கத்தை விடுவிப்பதா என்ற கேள்வி வந்தது. மகள் இரண்டாவதைத்தான் கேட்டாள். வேலைக்குப் போய்வரும் நேரத்துக்கிடையில் வாசித்தும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்திலுள்ள போதனா வைத்தியசாலைக்குப் பிரவுனியைக் கொண்டுபோனபோது கேட்டும், செய்து பார்த்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே தொல்லையில் இருக்கும் ஒருவருக்காவது உதவட்டும்.

முதலில்: கிண்டியது நாய்தானா?

மலைப்பக்கத்துத் தோட்டங்களில் இரவில் மண்ணைப் புரட்டுகிறவர்கள் பலர். காட்டுப்பன்றி வந்தால் ஏர் உழுததுபோல நீளமாகப் புரட்டிவிட்டுப் போகும். முள்ளம்பன்றி மரவள்ளியையும் வற்றாளையையும் தேடி வரும். கிழங்கில் பல்தடம் இருக்கும், சிலவேளை முள்ளும் விழுந்து கிடக்கும். அகழான் போட்ட பொந்தின் வாயில் மண் குவிந்திருக்கும், வளை உள்ளே நீண்டு போகும். நாயின் குழி வேறு மாதிரி. முன்கால்களால் வாரிப் பின்கால்களுக்கிடையால் எறிவதால் மண் ஒரே பக்கமாக விசிறிக் கிடக்கும். குழி வாய் அகன்று, அடி குறுகி இருக்கும்.

எங்கள் போஞ்சிப் பாத்தியைக் கெடுத்தது பிரவுனிதான். ஆனால் மரவள்ளியைக் கிண்டியது அதுவல்ல. அதற்கும் சேர்த்து அது அடி வாங்கியிருந்தது என்பதை நினைத்தபோது மகளுக்கு அழுகை வந்துவிட்டது.

நாய் ஏன் கிண்டுகிறது?

நாய்க்கு மண் கிண்டுவது குற்றமல்ல, குணம். அதன் மூதாதையான ஓநாய் குட்டி போடக் குழி தோண்டும், மிஞ்சிய இறைச்சியைப் புதைக்கும், வளைக்குள் ஓடும் எலியைத் தோண்டிப் பிடிக்கும். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்த ஆயிரமாயிரம் ஆண்டுகளிலும் அது மறையவில்லை. சில இன நாய்களை வளைக்குள் இருக்கும் பிராணிகளைப் பிடிப்பதற்கென்றே மனிதர் வளர்த்தெடுத்தார்கள். நீண்ட உடலும் குட்டைக் காலும் கொண்ட டாஷ்ஹண்ட் அப்படிப்பட்டது. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஆகவே "எப்படி நிறுத்துவது?" என்று கேட்பதற்கு முன்பு "எதற்காகச் செய்கிறது?" என்று கேட்கவேண்டும். நாங்கள் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து ஒரு கிழமை எழுதினோம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அந்த நேரம் வீட்டில் யார் இருந்தார்கள், குழிக்குள் என்ன இருந்தது என்ற நான்கு விடயங்கள் மட்டும். கிழமை முடிவில் நான்கு வகைக் குழிகள் தெரிந்தன.

ஒன்று, பலா மரத்தடிக் குழி. வெயில் நேரத்தில் மட்டும் கிண்டி அதற்குள்ளேயே சுருண்டு படுத்துவிடும். இது வெக்கைக்காக. நாய்க்கு மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மேல் மண்ணை விலக்கினால் அடி மண் குளிர்மை.

இரண்டு, புதுப் பாத்தி. அம்மா மீன் கழிவையும் எலும்பையும் அடியில் புதைத்து மேலே கன்று நடுவார். நல்ல பசளைதான். ஆனால் மூக்கால் உலகத்தைப் பார்க்கும் ஒரு பிராணிக்கு அது விருந்துக்கு அழைப்பு. நாங்களே புதைத்துவிட்டு, ஏன் கிண்டுகிறாய் என்று அதை அடித்திருக்கிறோம்.

மூன்று, கல்கட்டின் அடி. விடியலிலும் இரவிலும் அந்த இடத்தில்தான் நிற்கும். அங்கே அகழான் வளை இருந்தது. பக்கத்து மிளகுக் கன்றுகள் புரட்டப்பட்டதற்கும் அந்த வளையின் மறுவாய்தான் காரணம்.

நான்கு, வேலியோரம். நாங்கள் எல்லோரும் வெளியே போயிருக்கும் பகல் வேளையில் மட்டும். இது சலிப்பும் தனிமையும். வேலிக்கு அப்பால் மாத்தளைக்குப் போகும் ரயில் பாதை இருப்பதால் எனக்கு ஆகப் பயம் தந்த குழி இதுதான்.

பெட்டை நாயானால் இன்னொரு காரணமும் உண்டு. சினைப்பட்ட நாய் குட்டி போட இடம் தேடிக் கிண்டும். பிரவுனிக்கு அது நேரவில்லை. ஆறாம் மாதத்திலேயே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டோம்.

செய்யக் கூடாதவை

எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை அடிப்பதுதான். நாங்களும் செய்தோம். வேலை முடிந்து வந்து குழியைக் கண்டு, நாயை இழுத்துக்கொண்டு போய்க் குழியைக் காட்டி அடிப்பது. நாய் தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு நிற்கும். "பாருங்கள், பிழை செய்தது அதற்கே தெரியும்" என்போம்.

அது தெரிந்து நிற்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நாய்களைத் தின்னக்கூடாத பிஸ்கட்டுடன் விட்டு, உரிமையாளர்களுக்குச் சில தடவைகள் பொய்யான தகவலைச் சொன்னார்கள். தின்னாத நாயும் ஏச்சு வாங்கியபோது அதே "குற்ற முகத்தை" காட்டியது. அந்த முகம் செய்த பிழைக்கானது அல்ல, எதிரே நிற்கும் மனிதரின் கோபத்துக்கானது. காலையில் கிண்டிய குழியையும் மாலையில் விழும் அடியையும் நாய் முடிச்சுப் போடாது. "இவர் வீட்டுக்கு வந்தால் அடிப்பார்" என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். பயந்த நாய் இன்னும் கூடுதலாகக் கிண்டும்.

சங்கிலியும் அப்படித்தான். நாள் முழுக்கக் கட்டிய நாய் கட்டைக்குச் சுற்றிவர வட்டமாகக் கிண்டும், குரைக்கும், கடிக்கப் பழகும். இரண்டு கிழமை கட்டிப்பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மிளகுக் கவலை போய் நித்திரைக் கவலை வந்தது.

மிளகாய்த்தூள் தூவுவது இன்னொரு யோசனை. அது கண்ணிலும் மூக்கிலும் பட்டு எரியும், மழைக்குக் கழுவிப்போகும், அடுத்த நாள் நாய் வேறு இடத்தில் கிண்டும். ஆமணக்கம் புண்ணாக்கை உரமாகப் போடுகிறவர்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். அதிலுள்ள நஞ்சு நாயைக் கொல்லக்கூடியது, அதன் மணமோ நாயை இழுக்கும். எலி நஞ்சும் அப்படியே. அகழானுக்கு வைத்ததை நாய் தின்னும், அல்லது நஞ்சு தின்ற எலியைத் தின்னும்.

நாங்கள் செய்தவை

நான்கு காரணத்துக்கும் நான்கு மருந்து தேவைப்பட்டது.

வெக்கைக்கு: பலா மரத்தடியை அதற்கே விட்டுக்கொடுத்தோம். நனைத்த சாக்கு ஒன்று, எப்போதும் நிறைந்த தண்ணீர்ச் சட்டி ஒன்று. அந்தக் குழி பிறகு பெருக்கவில்லை.

மணத்துக்கு: மீன் கழிவையும் எலும்பையும் பாத்தியில் புதைப்பதை நிறுத்தி, மூடியுள்ள பழைய பீப்பாவில் போட்டு மக்கவைத்தோம். புதுப் பாத்திகளில் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலையை மண்ணுக்கு இரண்டு அங்குலம் கீழே படுக்கையாக விரித்து, கூரான ஓரங்களை உள்ளே மடித்துவிட்டு, இடைவெளிகளில் கன்றை நட்டோம். நகம் கம்பியில் தட்டுப்பட்டால் நாய்க்குப் பிடிக்காது, விட்டுவிடும். கன்று வேர்பிடித்த பிறகு வலையை எடுத்து அடுத்த பாத்திக்குப் போடலாம்.

அகழானுக்கு: மாமா வளையின் வாய்களைத் தேடிப் பிடித்துக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்தார். கல்கட்டுக்குப் பக்கத்தில் தேங்காய், அரிசித் தவிடு வைப்பதை நிறுத்தினோம். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம், அது மனிதருக்கும் வரும் என்று பேராதனையில் சொன்னார்கள். அதற்கான தடுப்பூசியும், விசர்நாய்க்கடித் தடுப்பூசியும், பூச்சி மருந்தும் கொடுத்தோம். மண்ணில் புரளும் நாய்க்குக் கொக்கிப்புழு வருவது சாதாரணம். வெறுங்காலோடு அதே மண்ணில் திரியும் பிள்ளைகளுக்கும் அது நல்லதல்ல.

சலிப்புக்கு: இதுதான் பெரிய வேலை. காலையில் நான் பஸ் பிடிக்கப் போகுமுன் அரை மணித்தியாலம் நடை. ஓடுவதைவிட மோந்து மோந்து நடப்பது நாய்க்கு அதிகக் களைப்பைத் தரும், அதனால் நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. காலைச் சாப்பாட்டைச் சட்டியில் வைக்காமல் காய்ந்த புல்லுக்குள் தூவிவிடுவோம், அல்லது சிரட்டைகளுக்குள் அடைத்து ஒளித்துவைப்போம். தேடித் தின்ன இருபது நிமிடம் போகும். வேலை செய்து தின்ற நாய் படுத்துத் தூங்கும். வேலியின் அடியில் ஓர் அடி ஆழத்துக்குக் கல் இறக்கினோம்.

கிண்டுவதற்கு ஓர் இடம்

இவ்வளவும் செய்தபிறகும் நாய் கிண்டும். குணத்தை அழிக்க முடியாது, இடத்தை மாற்றலாம். கீழ்த்தட்டின் மூலையில் ஆறடிக்கு நாலடி இடத்தைப் பலகையால் மறித்து, இரண்டு அடி ஆழத்துக்குப் பொருபொருவென்ற மணல் கலந்த மண்ணைப் போட்டோம். சரிவு இல்லாத, நிழலான இடமாகப் பார்த்து எடுத்தோம்.

முதல் நாள் மகள் அதற்குள் பிஸ்கட் துண்டுகளைப் பாதி தெரியும்படி புதைத்தாள். பிரவுனி எடுத்துத் தின்றது. அடுத்த நாள் கொஞ்சம் ஆழமாக, அதற்கடுத்த நாள் அதன் பந்தை, பிறகு ஒரு எலும்பை. அது கிண்டும்போதெல்லாம் "இங்கே கிண்டு" என்று சொல்லி, நல்ல பிள்ளை என்று தடவினோம்.

வேறு இடத்தில் கிண்டத் தொடங்குவதைக் கண்டால் கத்தவில்லை. கையைத் தட்டிக் கவனத்தைத் திருப்பி, "விடு" என்று சொல்லி, கூட்டிக்கொண்டு போய் மணல் குழியில் விட்டோம். அங்கே கிண்டியவுடன் ஒரு துண்டு பிஸ்கட். உடனே கொடுக்கவேண்டும். ஒன்றிரண்டு விநாடி பிந்தினாலே எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குக் குழப்பம். யாரும் பார்க்காத நேரத்தில் தோட்டத்துப் படலையைச் சாத்திவைத்தோம். ஏனென்றால் நாங்கள் இல்லாதபோது வெற்றிகரமாகக் கிண்டிய ஒவ்வொரு குழியும் அதற்கு ஒரு பரிசு.

"விடு" என்ற சொல்லைத் தனியாகப் பழக்கினோம். மூடிய கைக்குள் பிஸ்கட்டை வைத்து நீட்டினால் நாய் மோந்து, நக்கி, விறாண்டிப் பார்க்கும். கை திறக்காது. களைத்து ஒரு கணம் மூக்கைப் பின்னுக்கு எடுத்தவுடன் "விடு" என்று சொல்லி, மற்றக் கையிலிருந்து பிஸ்கட்டைக் கொடுக்கவேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. அதற்கு மேல் செய்தால் நாய்க்கும் பிள்ளைக்கும் அலுத்துவிடும்.

இதில் எங்கள் வீட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. நான் "இஞ்ச வா" என்பேன். மாமா பழக்கதோஷத்தில் சிங்களத்தில் "மெஹே வரென்" என்பார். மகள் "கம், கம்" என்பாள். மூன்று மொழிக்கும் நடுவில் நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் "வா", "விடு", "இங்கே கிண்டு" என்ற மூன்றே கட்டளைகளைக் கொப்பியில் எழுதிக் கதவில் ஒட்டினோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் சொல்லிக்கொடுத்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் "விடு" என்று சொல்வதைக் கேட்க எங்களுக்குச் சிரிப்பு வரும். அவரும் சிரிப்பார்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இரண்டாம் கிழமையில் நிலைமை இன்னும் மோசமானதுபோலத் தெரிந்தது. முன்பு பலன் தந்த பழக்கம் பலன் தராமல் போகும்போது, விடுவதற்கு முன்பு நாய் ஒரு தடவை மூர்க்கமாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்தால் செய்ததெல்லாம் வீண். எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்தது.

கிண்டாமல் இருக்கப் பழகிய நாய்கள்

வாசித்துக்கொண்டு போகையில் ஒரு விடயம் என்னை நிறுத்தியது. கண்ணிவெடி தேடும் நாய்களையும் இதே முறையில்தான் பழக்குகிறார்கள். எங்கள் நாட்டின் வடக்கிலும் அப்படிப்பட்ட நாய்கள் வேலை செய்திருக்கின்றன. வெடிமருந்தின் மணத்தைக் கண்டுபிடித்தவுடன் அந்த நாய் செய்யக்கூடாத ஒன்றே ஒன்று, கிண்டுவது. மணம் வந்த இடத்தில் அசையாமல் உட்காரவேண்டும். உட்கார்ந்தால் அதற்குப் பிடித்த பந்து கிடைக்கும். அடியால் அதைப் பழக்க முடியாது. பயந்த நாய் மோப்பத்தை விட்டுவிட்டு எசமானின் முகத்தைத்தான் பார்க்கும்.

கம்போடியாவில் மகாவா என்ற பெரிய ஆபிரிக்க எலி தன் வேலைக்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வெடிபொருட்களைக் கண்டுபிடித்தது. 2020இல் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் ஒன்றின் தங்கப் பதக்கமும் அதற்குக் கிடைத்தது. அந்த எலிகள் மண்ணைச் சுரண்டிக் காட்டலாம், ஏனென்றால் வெடியை இயக்க அவற்றின் பாரம் போதாது. நாயின் பாரம் போதும்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை போன்ற இடங்களில் வருடக்கணக்காக அங்குலம் அங்குலமாக மண் சோதிக்கப்பட்டது. இதை வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பங்கர் மூடிய இடத்தில் மண் இளக்கமாக இருக்கும், நாய் அங்கேதான் முதலில் கிண்டும். அது இழுத்துவந்த இரும்போ, துணியோ, எலும்போ எதுவானாலும் தொடவேண்டாம், பிள்ளைகளைத் தொடவிடவேண்டாம். வந்த காலடி வழியே திரும்பிப் போய், தூரத்தில் ஒரு அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். அப்படிப்பட்ட காணியில் நாயை அவிழ்த்துவிடாமல் இருப்பதே நல்லது.

இப்போது

பிரவுனி முழுவதும் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். பெருமழை பெய்து மண் ஊறினால் இன்றைக்கும் ஒரு குழி இருக்கும். ஆனால் போஞ்சிப் பந்தல் நிற்கிறது, கல்கட்டு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் போன மாதம் எங்களுக்கு இரண்டு மிளகுக் கன்று கொடுத்தார்.

அம்மா ஆரம்பத்தில் மணல் குழிப் பக்கமே வரவில்லை. நாய் கிண்டத் தொடங்கினால் குசினிக்குள் போய்விடுவார். ஒரு பின்னேரம் மகள் பிஸ்கட் புதைப்பதைப் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிரவுனி ஓடிவந்து கிண்டியது. நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எழும்பிப் போகவில்லை. நாய் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போகும்வரை இருந்தார்.

"உள்ளுக்கு என்ன கிடக்குதுன்னு தெரிஞ்சா பயமில்லை" என்றார்.

அதற்குப் பிறகு எலும்புத் துண்டு ஏதும் மிஞ்சினால் அம்மாதான் கொண்டுபோய்ப் புதைக்கிறார். இரவில் சத்தம் கேட்டால் இன்னும் விழிக்கிறார். ஆனால் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, கீழ்த்தட்டு என்றால் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.